சேலை கட்டிய சிலம்பக்காரியும் தேக்காத் தெருவும்: எங்கே கை வைப்பது?

கேட்டவர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர். அன்ரியல் 4 என்ற விளையாட்டு எஞ்சினில் வந்த ஒரு கணினிச் சண்டை விளையாட்டுக்கு மோட் (புதிய ஆளும் இடமும் சேர்க்கும் மாற்றம்) செய்கிறார். சேலை கட்டிய சிலம்பக்காரி ஒருத்தி, அவள் மோதுவதற்குச் சிங்கப்பூரின் தேக்காவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு தெரு. இரண்டையும் ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் தானே செய்திருக்கிறார். அவர் குறை இது: "ஒரு லட்சத்து இருபதாயிரம் முக்கோணம் போட்டேன், எல்லா டெக்ஸ்சரும் 4கே. ஆனாலும் பிளாஸ்டிக் பொம்மை மாதிரிதான் இருக்கிறாள். கையைத் தூக்கினால் தோள் சப்பையாகிறது. உதைத்தால் தொடை சேலைக்கு வெளியே வந்துவிடுகிறது. தெரு தனியாகப் பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதன் முன்னால் ஆள் நிற்பதே தெரியவில்லை. இன்னும் பாலிகன் கூட்டட்டுமா?"

கூட்டாதீர்கள் தம்பி. இருப்பதில் பாதியை எடுத்துவிடலாம். (உருவத்தின் பரப்பை ஆக்கும் சின்ன முக்கோணங்கள்தான் பாலிகன். அதன் மேல் ஒட்டும் படம் டெக்ஸ்சர், 4கே என்றால் பக்கத்துக்கு 4096 பிக்சல்.)

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 1080 பிக்சல் உயரத் திரையில், சண்டை விளையாட்டின் வழக்கமான கேமரா தூரத்தில், நிற்கும் ஆள் 700 பிக்சல் உயரம் வருகிறாள் என்று வையுங்கள். (உங்கள் விளையாட்டில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அளந்துகொள்ளுங்கள்.) அந்த உருவம் திரையில் பிடிக்கும் மொத்த இடம் தோராயமாக எண்பதாயிரம் பிக்சல். உங்கள் முக்கோணங்களில் கேமராவைப் பார்ப்பது பாதி, அதாவது அறுபதாயிரம். ஒரு முக்கோணத்துக்கு ஒன்றரைப் பிக்சல்கூடக் கிடைக்கவில்லை. கிராஃபிக்ஸ் கார்டோ பிக்சல்களை இரண்டுக்கு இரண்டு கட்டமாகத்தான் கணக்கிடும். முக்கோணம் அதைவிடச் சிறியதானால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும். சண்டை விளையாட்டு நொடிக்கு 60 ஃபிரேம் ஓடியாக வேண்டும், ஒரு ஃபிரேமுக்கு 16.67 மில்லிவினாடிதான். கண்ணுக்கே தெரியாத முக்கோணங்களுக்கு அதைச் செலவழிப்பது வீண்.

அதே அளவுகோலை டெக்ஸ்சருக்கும் வையுங்கள். 1.65 மீட்டர் ஆளுக்கு 700 பிக்சல் என்றால் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 424. சேலையின் எட்டு சென்டிமீட்டர் கரை திரையில் 34 பிக்சல் வரும். அந்தக் கரைக்குள் நீங்கள் உட்கார்ந்து வரைந்த ஒரு சென்டிமீட்டர் மாங்காய்ப் புட்டா நான்கு பிக்சல். அது மாங்காயாகத் தெரியாது, ஆள் நகரும்போது மினுமினுவென்று அரிக்கும், அவ்வளவுதான். கரையை அகலமாக்குங்கள், புட்டாவைப் பெரிதாக்கி எண்ணிக்கையைக் குறையுங்கள். நெசவு இழையை நார்மல் மேப்பில் (மேடுபள்ளம் இருப்பது போல ஒளியை ஏமாற்றும் படத்தில்) காட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். வெற்றி பெற்றதும் கேமரா முகத்துக்குப் பக்கத்தில் வருமே, அதற்கு முகமும் நகையும் தாங்கினால் போதும்.

4கே பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிசி7 முறையில் சுருக்கிய 4096 டெக்ஸ்சர் ஒன்று 16 மெகாபைட், மிப்மேப்போடு (தூரத்துக்கான சிறிய நகல்களோடு) சேர்த்தால் 21 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் மேல். 2048 என்றால் அதில் கால் பங்கு. நான்கு மெட்டீரியல், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மேப் என்று வைத்தால் ஒரே ஒரு ஆளுக்கு 400 மெகாபைட்டைத் தாண்டுகிறது. முகத்துக்கு மட்டும் 4கே வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் 2கே. யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

சரி, பொம்மை மாதிரி இருப்பதற்குக் காரணம் எங்கே? பெரும்பாலும் மூட்டில், தோல் நிறத்தில், ஒளியில். இந்த மூன்றையும் ப்ளெண்டருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தால் பிடிபடாது. ப்ளெண்டர் தன் படத்தை ஃபில்மிக் அல்லது ஏஜிஎக்ஸ் என்ற நிறமாற்றத்தின் வழியாகக் காட்டுகிறது, விளையாட்டு வேறொன்றின் வழியாகக் காட்டுகிறது. ப்ளெண்டரில் அழகாக இருந்த மாநிறம் விளையாட்டில் செங்கல் நிறமாகத் தெரிவது இதனால்தான். டெக்ஸ்சர் பார்க்கும்போது நிறமாற்றத்தை ஸ்டாண்டர்டுக்கு மாற்றுங்கள். எந்தத் திருத்தம் செய்தாலும் விளையாட்டுக்குள் ஏற்றிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

தோளை எடுத்துக்கொள்வோம், சிலம்பக்காரிக்குத் தோள்தானே எல்லாம். விளையாட்டு எஞ்சின்கள் பொதுவாகச் செய்வது இது: தோலின் ஒரு புள்ளி மேல்கை எலும்போடு போனால் எங்கே இருக்கும், காறை எலும்போடு போனால் எங்கே இருக்கும் என்று தனித்தனியாகக் கண்டு, வெயிட்டுக்கு (அந்தப் புள்ளியில் ஒவ்வோர் எலும்புக்கும் உள்ள பங்குக்கு) ஏற்பச் சராசரி எடுக்கும். கை சுழலும்போது அந்த இரண்டு இடங்களும் ஒரு வட்டத்தின் மேல் இருக்கின்றன. வட்டத்தின் மேலுள்ள இரண்டு புள்ளிகளுக்கு நடுப்புள்ளி எப்போதும் வட்டத்துக்கு உள்ளேதான் விழும். அதனால் சதை உள்வாங்கித் தோள் சப்பையாகிறது. ப்ளெண்டரின் ஆர்மேச்சர் மாடிஃபையரில் "பிரிசர்வ் வால்யூம்" என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் வேறு கணக்கில் வளைத்து அழகாகக் காட்டும். ஆனால் உங்கள் விளையாட்டு அந்தக் கணக்கைச் செய்யாது. எனவே அந்த டிக்கை எடுத்துவிட்டு, அசிங்கமான தோளை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே வெயிட் தீட்டுங்கள்.

தீட்டும்போது மேல்கைக்கும் மார்புக்கும் மட்டும் பங்கு பிரித்தால் சரிவராது. காறை எலும்புக்குத் தாராளமாகக் கொடுங்கள், கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது தோளைத் தூக்குவது அதுதான். அக்குளில் அந்த வெயிட் மெல்ல மறைய வேண்டும். விளிம்புக் கோடுகள் தோள்தசையைச் சுற்றி வளையமாக ஓடட்டும், முழங்கையிலும் முழங்காலிலும் குறைந்தது மூன்று வளையம் இருக்கட்டும். முதுகிலும் வயிற்றிலும் கொட்டிய பாலிகனை எடுத்து இங்கே போடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. உடம்பை டி போல விரித்த கையோடு செய்யாமல், விளையாட்டின் எலும்புக்கூடு இடம் கொடுத்தால் 45 டிகிரி தாழ்த்திய கையோடு செய்யுங்கள். மேலேயும் கீழேயும் போக அதுவே நடுவழி.

சிலம்பத்தில் மணிக்கட்டு ஓயாமல் சுழலும். முன்கை மொத்தமும் ஒரே எலும்பில் இருந்தால் மணிக்கட்டு மிட்டாய்த் தாள் முறுக்கிய மாதிரி ஆகிவிடும். விளையாட்டின் எலும்புக்கூட்டில் ட்விஸ்ட் எலும்பு (முறுக்கைப் பகிர்ந்துகொள்ளும் துணை எலும்பு) இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அதன் பங்கைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போங்கள். வளையல்கள் மட்டும் நூறு சதவீதம் ஒரே எலும்புக்குப் போக வேண்டும். உடம்பின் வெயிட்டை வளையலுக்கும் அப்படியே மாற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் கண்ணாடி வளையல் ரப்பர் மாதிரி வளைகிறது. ஜிமிக்கிக்கும் இதே கதைதான், அதைத் தலை எலும்போடு கட்டிவிடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ப்ளெண்டரில் "லிமிட் டோட்டல்" கொடுத்து ஒரு புள்ளிக்கு நான்கு எலும்பு என்று கட்டுப்படுத்தி, "நார்மலைஸ் ஆல்" கொடுங்கள். அன்ரியல் 4 எட்டு வரை தாங்கும் என்றாலும் நான்கிலேயே நன்றாக வருகிற வெயிட்டுதான் நம்பகமானது. நாளைக்கு இதே ஆளை ஸ்கைரிமுக்குக் கொண்டுபோனால் அங்கே நான்குதான், பழைய சோர்ஸ் எஞ்சினில் மூன்று.

இப்போது சேலை. இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்து உண்டு. உதைப்பதே தொழிலாக உள்ளவளுக்குக் கணுக்கால் வரை குழாய் போலச் சேலை கட்டிவிட்டு, தொடை வெளியே வருகிறது என்று வெயிட்டைக் குறை சொல்வது நியாயமில்லை. நிஜத்தில் அந்தச் சேலையில் நெஞ்சு உயரத்துக்கு உதைக்க முடியுமா? வயலில் இறங்கும் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொள்கிறார்கள். கச்சம் வைத்துக் கட்டினால் இரண்டு காலும் தனித்தனியாகப் பிரிந்துவிடுகிறது. பரதநாட்டிய உடையில் காலுக்குக் காற்சட்டை போலத் தைத்து, நடுவில் கொசுவ விசிறி ஒன்றை வைத்து, அரைமண்டியில் உட்காரும்போது அது விரிகிற மாதிரி செய்திருக்கிறார்கள். நீங்கள் தேடும் விடை தையற்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கச்சச் சேலையாக மாற்றினால் தொடைப் பகுதிக்குக் கால்சட்டையின் வெயிட்டே போதும். முன்விசிறிக்கு மட்டும் மூன்று நான்கு எலும்பில் ஒரு சங்கிலி. உருவமும் வேறு எந்தக் கதாபாத்திரத்தோடும் குழம்பாத தனி உருவமாக வரும்.

இல்லை, சாதாரணக் கட்டுதான் வேண்டும் என்றால் சில வேலைகள் உண்டு. சேலைக்கு உள்ளே மறைந்திருக்கும் உடம்பை வெட்டி எறியுங்கள், ஓரத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் உள்ளே நீளட்டும். இல்லாத தொடை வெளியே வர முடியாது. உடம்பிலிருந்து சேலைக்கு நேராக வெயிட்டை மாற்றாதீர்கள். நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் உள்ள புள்ளி இடத்தொடையைப் பிடித்துக்கொள்ளும், வலப்பக்கம் உள்ளது வலத்தொடையைப் பிடித்துக்கொள்ளும், நடந்தால் கொசுவம் நட்டநடுவே கிழியும். அதற்குப் பதிலாகக் கூம்பு போல ஒரு எளிய பாவாடையைச் செய்து, இடுப்பில் முழுவதும் இடுப்பெலும்பு, பக்கவாட்டில் அந்தந்தத் தொடை, முன்நடுவிலும் பின்நடுவிலும் இரண்டு தொடைக்கும் பாதிப்பாதி என்று கையால் தீட்டி, இடைப்பட்ட இடங்களைப் பூசினாற்போல் மென்மையாக்குங்கள். பிறகு அந்தக் கூம்பிலிருந்து சேலைக்கு வெயிட்டை மாற்றுங்கள். கூம்பை அழித்துவிடலாம்.

கொசுவத்தின் ஆறேழு மடிப்பை இடுப்பு முதல் கால் வரை முழுக்க ஜியோமெட்ரியாகச் செய்ய வேண்டியதில்லை. கீழ் விளிம்பு வளைந்து வளைந்து தெரிய வேண்டும், அங்கே செலவழியுங்கள். முழங்காலுக்கு மேலே மடிப்பு மெல்ல நார்மல் மேப்புக்குள் கரைந்துபோகட்டும். முந்தானைக்குத் தோளிலிருந்து தொங்கும் நான்கைந்து எலும்புச் சங்கிலி. அதன் உட்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். அவள் சுழலும்போது உட்பக்கம்தான் அதிகம் தெரியும். ஒற்றைப் பரப்பாக விட்டால் முந்தானை பாதி நேரம் காணாமல் போகும்.

தோல் நிறத்துக்கு வருகிறேன். மோட் செய்கிறவர்களில் பலர் செய்வது என்ன? விளையாட்டோடு வந்த வெள்ளைத்தோல் டெக்ஸ்சரை எடுத்து வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறார்கள். சாம்பல் பூத்த மாதிரி, உடம்புக்கு முடியாத ஆள் மாதிரி ஆகிவிடுகிறது. கன்னத்தில் இருந்த இளஞ்சிவப்பு அழுக்காகத் தங்கிவிடுகிறது. நம் தோலை அடியிலிருந்து தீட்டுங்கள். விரல் கணு, முழங்கை, கழுத்து மடிப்பு இவையெல்லாம் கூடுதல் கருமை. உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளிர். உதட்டின் ஓரம் பழுப்பு, உள்ளே சிவப்பு. நிறம் இருட்டாகும்போது செறிவைக் குறைக்காதீர்கள், சற்றே செம்பழுப்புப் பக்கம் தள்ளுங்கள்.

அதைவிட முக்கியம் பளபளப்பு. எந்த மனிதத் தோலும் நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய நான்கு சதவீதத்தை மேற்பரப்பிலேயே திருப்பி அனுப்புகிறது. வெளிர் தோலில் உள்ளிருந்து வரும் ஒளி அதிகம் என்பதால் இந்த நான்கு சதவீதம் அதில் அமுங்கிவிடும். கருந்தோலில் அதுதான் உருவத்தை வரைகிறது. கன்ன எலும்பு, மூக்குத்தண்டு, தோள், காறை எலும்பு எல்லாம் அந்தப் பளபளப்பால்தான் தெரிகின்றன. எனவே உங்கள் சிலம்பக்காரிக்கு நிற மேப்பைவிட ரஃப்னஸ் மேப்பில்தான் (எங்கே பளபளப்பு, எங்கே மேட் என்று சொல்லும் படம்) அதிக நேரம் செலவாக வேண்டும். நெற்றியும் மூக்கும் எண்ணெய்ப்பசை, கன்னத்தின் பக்கவாட்டு மேட், உதடு ஈரம், முன்கை காய்ந்தது. முகம் முழுக்க ஒரே மதிப்பை வைத்திருப்பதால்தான் பிளாஸ்டிக் தோற்றம் வருகிறது.

நார்மல் மேப்பில் ஒன்றே ஒன்று: ப்ளெண்டர் பச்சைச் சேனலை ஓபன்ஜிஎல் முறையில் எழுதுகிறது, அன்ரியல் டைரக்ட்எக்ஸ் முறையில் படிக்கிறது. புரட்டாவிட்டால் மேடு பள்ளமாகும். தொப்புள் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் இதுதான் காரணம். நார்மல், ரஃப்னஸ், மெட்டாலிக் (உலோகத்தன்மை) மூன்றுக்கும் எஸ்ஆர்ஜிபியை (நிறப் படங்களுக்கான திருத்தத்தை) அணைத்துவிடுங்கள். கழுத்தில் தலையும் உடம்பும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு தெரிகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டு துண்டின் ஓரப் புள்ளிகளும் ஒரே இடத்தில் இருந்தாலும் அவற்றின் நார்மல் திசை (பரப்பு பார்க்கும் திசை) வேறு வேறாக இருக்கும். டேட்டா டிரான்ஸ்ஃபர் மாடிஃபையரால் ஒன்றின் நார்மலை மற்றதற்கு நகலெடுத்தால் கோடு போய்விடும். ஜரிகைக்கு மெட்டாலிக்கை முழுக்க ஏற்றாதீர்கள். பட்டு நூலோடு கலந்ததுதானே, நடுத்தரமாக வைத்தாலே நகையிலிருந்து வேறுபட்டுத் தெரியும்.

இனி தெரு. நீங்கள் அனுப்பிய படத்தில் முதலில் கண்ணில் பட்டது நிழல். கடைவீடுகளின் நிழல் சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீளமாக, நீலம் பாய்ந்து கிடக்கிறது. ஏதோ ஓர் ஐரோப்பிய ஊரின் குளிர்கால ஹெச்டிஆர்ஐ படத்தை வானமாகப் போட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 1.3 டிகிரி வடக்கில்தான் இருக்கிறது. உச்சி வெயிலில், டிசம்பரில்கூட, நிழல் ஆள் உயரத்தில் பாதிக்கு வராது. மார்ச், செப்டம்பரில் நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். நம் கடிகாரம் சூரியனைவிட முன்னால் ஓடுவதால் உச்சி வருவது பன்னிரண்டுக்கு அல்ல, ஒரு மணியை ஒட்டி. வானமும் அட்டைப்பட நீலம் இல்லை. ஈரக்காற்றில் வெளுத்துப் போன வெள்ளை, தூரத்துக் கட்டடம் அதில் பாதி கரைந்திருக்கும்.

ஆனால் உச்சி வெயிலை அப்படியே வைத்தால் முகத்தில் கண்குழி இருண்டுவிடும், சண்டைக்கு ஆகாது. மாலை ஐந்தரை மணி வெயில் வையுங்கள். ஆண்டு முழுவதும் இங்கே பொழுது சாய்வது ஏழு மணியை ஒட்டித்தான் என்பதால் ஐந்தரைக்கு ஒளி பக்கவாட்டில் இதமாக வரும். இல்லையென்றால் மழை விட்ட பிறகான மேகமூட்டம். சாலை ஈரத்தில் கடைவிளக்கு பிரதிபலிக்க, ரஃப்னஸ் குறைந்த குட்டைத் திட்டுகளை ஒரு மாஸ்க்கில் வரைந்தால் போதும்.

ஆள் தெரியவில்லை என்ற குறைக்கு வருவோம். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். சேலையும் முகப்பும் ஒரே சாம்பலில் இருக்கும். நிறம் வேறு என்பதால் உங்கள் கண் ஏமாந்திருக்கிறது. தேக்கா என்றதும் எல்லாரும் கெர்பாவ் ரோட்டில் உள்ள டான் டெங் நியா வீட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிடுகிறார்கள், நீங்களும்தான். 1900இல் கட்டிய அழகான வீடு, மறுப்பதற்கில்லை. ஆனால் கதவுக்கு ஒரு நிறம், சட்டத்துக்கு ஒரு நிறம் என்று இருக்கும் அந்த முகப்பின் முன்னால் எவரும் எடுபட மாட்டார்கள். அதை மூலைக்கு, தூரத்துக்குத் தள்ளுங்கள்.

நடுவில் சாதாரணக் கடைவீட்டு வரிசையே போதும். ராஃபிள்ஸ் காலத்தில், 1822இல் வகுத்த நகரத் திட்டத்திலிருந்தே வருகிற, மாடிக்கு அடியில் ஓடும் ஐந்தடி நடைபாதை இருக்கிறதே, அது உங்களுக்கு ஒரு வரம். தரைத்தளத்தில் அந்த நடைபாதை நிழலாகத் தொடர்ந்து ஓடுகிறது. வண்ணமும் வேலைப்பாடும் ஜன்னல் கதவும் எல்லாம் மாடியில். சண்டையிடும் இருவரின் உடம்புக்குப் பின்னால் அந்த இருண்ட பட்டை வருகிற மாதிரி கேமரா உயரத்தைப் பார்த்து அமையுங்கள். வெயிலில் நிற்கும் ஆள் தானாகவே பிரிந்து தெரிவாள். உங்கள் சிலம்பக்காரி கருந்தோல் உடையவள் என்பதால் நடைபாதையை முழுக்க இருட்டாக்க வேண்டாம். கடைக்குள் மஞ்சள் விளக்கு ஒன்றிரண்டு, அவள் தோளில் பின்பக்கமிருந்து மெல்லிய விளிம்பொளி. அன்ரியலின் லைட்டிங் சேனலில் ஆட்களுக்கு மட்டும் தனி விளக்கு வைக்கலாம்.

கடைவீடு மாடுலர் முறைக்கென்றே பிறந்தது. தூண், வளைவு, ஜன்னல், கூரை ஓரம் என்று ஏழெட்டுத் துண்டு செய்தால் தெரு முழுவதையும் அடுக்கிவிடலாம். கார்னிஸ், பூவேலை, மரச்சட்டம், ஓடு எல்லாம் ஒரே டிரிம் ஷீட்டில் (எல்லா வீடுகளும் பகிரும் ஒரே டெக்ஸ்சரில்) பட்டை பட்டையாக இருக்கட்டும். வீட்டுக்கு வீடு நிறத்தை வெர்டெக்ஸ் கலரில் (புள்ளிகளில் தீட்டும் நிறத்தில்) மாற்றுங்கள். பத்து வீட்டுக்கு ஒரே மெட்டீரியல் போதும். மழைநீர் வழிந்த கறையையும் அதிலேயே தீட்டலாம். ஓரங்களுக்குச் சின்ன பெவல் (கூர்முனைச் சீவல்) கொடுத்து வெயிட்டட் நார்மல் மாடிஃபையர் போட்டாலே சுண்ணாம்புச் சுவரின் மழுங்கல் வந்துவிடும், நார்மல் மேப் தேவையே இல்லை. வீட்டின் பின்பக்கத்தைச் செய்யாதீர்கள், கேமரா அங்கே போகாது.

அளவு முக்கியம். அன்ரியலில் ஒரு அலகு ஒரு சென்டிமீட்டர். கதவு 210, பின்னால் தெரியும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் ஒரு மாடிக்குச் சுமார் 280. உங்கள் படத்தில் கதவு மூன்று மீட்டருக்கு மேல் இருப்பதால் அவள் சிறுமி மாதிரி தெரிகிறாள்.

அப்புறம் அந்த மின்கம்பங்கள். "ஆசியத் தெரு" என்று இணையத்தில் கிடைத்த தொகுப்பிலிருந்து எடுத்திருக்கிறீர்கள், தெரிகிறது. சிங்கப்பூரில் தெருவுக்குக் குறுக்கே மின்கம்பி ஓடாது, எல்லாம் மண்ணுக்கடியில். கம்பத்தை எடுத்துவிட்டுச் சாலையோர இரட்டை மஞ்சள் கோடு, கால்வாய் மேல் இரும்புக் கிராதி, கட்டட ஓரத்தில் அடுக்கிய குளிர்சாதனப் பெட்டிகள், காய்கறிக் கூடை, தொங்கும் பூச்சரம், தூரத்து புளோக்கின் பக்கச் சுவரில் பெரிதாக எழுதிய எண், ஜன்னலில் கம்பில் காயும் துணி இவற்றைப் போடுங்கள். இங்கே வளர்ந்தவர்களுக்கு ஒரு பார்வையில் இடம் புரிந்துவிடும்.

சுவர், தரை டெக்ஸ்சருக்கு நீங்களே போய்ப் படம் எடுப்பதாக இருந்தால் மேகம் மூடிய, ஆனால் தரை காய்ந்த நேரமாகப் பாருங்கள். வெயிலில் எடுத்தால் நிழல் படத்தோடு ஒட்டிக்கொண்டு வரும், ஈரத்தில் எடுத்தால் பளபளப்பு வரும். பிறர் வரைந்த சுவரோவியத்தை அப்படியே டெக்ஸ்சராக்காதீர்கள், வரைந்தவரைக் கேளுங்கள்.

தீபாவளி ஒளியூட்டு வைத்து ஓர் இரவு வடிவமும் செய்யும் எண்ணம் இருக்கிறது என்றீர்கள். அலங்கார வளைவுகள் சாலைக்கு மேலே இருப்பதால் சட்டகத்தின் மேல்பாதியை நிரப்பும், அது நல்லது. ஆனால் ஒவ்வொரு பல்புக்கும் விளக்கு வைத்தால் விளையாட்டு படுத்துவிடும். பல்புகள் எமிசிவ் (தானே ஒளிர்வது போலத் தெரியும்) பரப்பாக மட்டும் இருக்கட்டும், தரையில் விழும் வண்ணத்தை லைட்மேப்பில் (முன்பே கணக்கிட்டு வைக்கும் ஒளிப் படத்தில்) பேக் செய்யுங்கள். எமிசிவை அளவோடு வையுங்கள். ப்ளூம் (ஒளி சுற்றிலும் பரவும் விளைவு) பொங்கினால் உருவங்களின் ஓரம் கரைந்துவிடும். வேடிக்கை பார்க்கும் கூட்டம் வேண்டுமென்றால் முன்வரிசையில் மட்டும் எளிய உருவங்கள், பின்னால் தட்டையான படங்கள்.

கோபுரம் வைப்பது உங்கள் விருப்பம். வைத்தால் சண்டைத்தளத்தின் எல்லைக்கு அப்பால், வீட்டுக் கூரைகளுக்கு மேலே தெரியட்டும். தெய்வ உருவங்களை ஆட்கள் மோதி விழும் சுவரிலோ தரையிலோ வைக்காதீர்கள். மோடைப் பார்க்கப் போகிறவர்களில் உங்கள் பாட்டியும் இருக்கலாம்.

கடைசியாக, கடைப் பலகைகள். உங்கள் படத்தில் 'கோ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் தனித்தனியே சிதறிக் கிடக்கின்றன. ப்ளெண்டரின் எழுத்துக் கருவியில் நேராகத் தட்டினால் தமிழ் இப்படித்தான் உடையும். இங்க்ஸ்கேப்பில் தட்டி, பாதையாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகக் கொண்டுவாருங்கள். ஃபோட்டோஷாப்பில் செய்வதானால் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றிவிட்டுத் தட்டுங்கள். கடைப் பெயர்களை நீங்களே கற்பனையாக வையுங்கள். ஆளுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என இரண்டு தனி பாக் கோப்பாக (அன்ரியல் விளையாட்டு ஏற்றும் தொகுப்புக் கோப்பு) வெளியிடுங்கள். விளையாட்டு எந்த அன்ரியல் பதிப்பில் கட்டியதோ அதே பதிப்பில் குக் செய்தால்தான் (விளையாட்டு படிக்கும் வடிவுக்கு மாற்றினால்தான்) ஏறும். வெயிட் மாற்றிய பிறகு ஓங்கி உதைப்பது, குந்துவது, மல்லாந்து விழுவது இந்த மூன்று அசைவின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்புங்கள், நின்றுகொண்டிருக்கும் படம் வேண்டாம்.